அரை இன்ச் சுருதி

கைலாசபுரத்தில் சவரிராயனைப் பற்றி ஒரு கேலி உண்டு. அவர் வீட்டு நாற்காலிகள் பத்து வருஷமாகியும் புதுசாகவே இருக்கின்றனவாம், அவர் எதிலும் உட்கார்ந்தால்தானே என்பார்கள். காபி குடிப்பது நின்றுகொண்டு. பேப்பர் படிப்பது நடந்துகொண்டு. ஞாயிற்றுக்கிழமை பூசையில்கூட மண்டியிடும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் கடைசி வரிசைக்கும் வாசலுக்கும் நடுவில் ஒரு நடை. காலில் சக்கரத்தோடு பிறந்த மனுஷன் என்று அவர் மனைவி பாக்கியமேரி சொல்வாள். அவரை ஓர் இடத்தில் உட்கார வைக்கக்கூடிய பொருள் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது கிதார். அதுவும் இரவல் கிதார்.

எண்பத்து நான்காம் வருஷம் ஜனவரியில் தொழிற்சாலை ஆஸ்பத்திரியில் வருஷாந்திரப் பரிசோதனை நடந்தது. காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் அமுக்கச் சொன்னார்கள். சவரிராயன் உற்சாகமாக அமுக்கினார். முடிந்ததும் டாக்டர் ஒரு சீட்டைக் காட்டினார். அதில் ஒரு கோடு நேராகப் போய், போகப் போகச் சரிந்து இறங்கியது.

"சன்னமான சத்தம்தான் முதல்ல போகும். கீழ்ச் சத்தமெல்லாம் நல்லா கேக்கும். அதனால உங்களுக்கே சட்டுனு தெரியாது," என்றார் டாக்டர். "காதுல பஞ்சு வச்சுக்கங்க. முடிஞ்சா வேற ஷாப்புக்கு மாத்தல் கேளுங்க."

பதினெட்டு வருஷமாக அவர் வேலை பார்ப்பது பாய்லர் தகடுகளை அடித்து வளைக்கும் ஷாப்பில். சம்மட்டிச் சத்தமும் கிரைண்டர் சத்தமும் ஓயாது. அங்கே ஒருவருக்கொருவர் ரகசியம் பேசுவதென்றாலும் கத்தித்தான் பேச வேண்டும். சவரிராயன் சீட்டை நான்காக மடித்து யூனிஃபார்ம் பாக்கெட்டில் வைத்தார். வீட்டில் மூச்சு விடவில்லை.

அவர் மனசுக்குள் ஏழு பாட்டு இருந்தது. எல்லாம் அவரே கட்டியது. ஷிஃப்டுக்கு சைக்கிள் மிதிக்கும்போது ஒன்று, ரேஷன் கடை வரிசையில் ஒன்று என்று சேர்ந்தவை. அவர் வாசித்துக்கொண்டிருந்த மெல்லிசைக் குழுவில் சினிமாப் பாட்டுக்குத்தான் இடம், கோயில் பாடகர் குழுவில் புத்தகத்தில் இருக்கும் பாட்டுக்குத்தான் இடம். என்றைக்காவது ஒருநாள் இந்த ஏழையும் பாக்கியமேரியைப் பாடவைத்து, கிதாரையும், அடிச்சுருதி கொடுக்கும் பேஸ் கிதாரையும் தானே வாசித்து, வீட்டிலேயே ஒரு கேசட்டில் பதிந்துவிட வேண்டும் என்பது அவர் கனவு. என்றைக்காவது ஒருநாள் என்பது சௌகரியமான நாள். அதற்கு அவசரமே கிடையாது. சீட்டில் சரிந்து இறங்கிய கோட்டைப் பார்த்த பிறகு அவசரம் வந்துவிட்டது. சுருதி காதில் இருக்கும்போதே பதிந்துவிட வேண்டும்.

இரவல் கிதாரில் இந்தக் காரியம் நடக்காது. அது குழுத் தலைவர் விக்டருடையது, கேட்ட நேரத்தில் திருப்பித் தர வேண்டும். பேஸ் கிதாரோ திருச்சியில் தேடினாலும் கிடைக்காது. வெளிநாட்டு எலெக்ட்ரிக் கிதாரை மதராஸில் ஒரு கடைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்திருக்கிறார். விலையைக் கேட்டால் வீட்டை விற்க வேண்டும், வீடோ கம்பெனி குவார்ட்டர்ஸ்.

வாங்க முடியாவிட்டால் என்ன, செய்யச் சொல்லலாமே என்று தோன்றியதும் அவருக்கு நினைவில் வந்த முகம் தாயுமானவனுடையது.

தாயுமானவன் அதே தொழிற்சாலையில் பேட்டர்ன் ஷாப்பில் இருந்தார். வார்ப்படம் செய்வதற்கு முன் அந்த உருவத்தை மரத்தில் செய்வார்கள். அதை மணலில் அழுத்தி எடுத்தால் பள்ளம் விழும், பள்ளத்தில் உருக்கைக் காய்ச்சி ஊற்றுவார்கள். அந்த மர உருவத்தைச் செய்வதுதான் தாயுமானவன் வேலை. மயிரிழை பிசகாது என்று அவர் கைக்கு ஊரில் பெயர். குவார்ட்டர்ஸில் பாதிப் பேர் வீட்டில் அவர் செய்த பெஞ்சோ கட்டிலோ இருக்கும். சவரிராயன் கல்யாணக் கட்டிலும் அவர் செய்ததுதான். அந்தக் கட்டிலில் ஒரே ஒரு குறை, அதுவும் கட்டிலின் குறை இல்லை. ஆறேகால் அடிக்கு நாலு அடி என்று தாயுமானவன் சொன்ன அளவைச் சொல்லித்தான் பெரிய கடைவீதி ஷேக் தாவூது பாயிடம் மெத்தை தைக்கச் சொன்னார்கள். வந்த மெத்தை கால்மாட்டில் இரண்டு விரற்கடை பற்றவில்லை. பாய் டேப் வைத்து அளந்து காட்டி, அல்லாமேல் ஆணையாகச் சரியாகத்தான் தைத்தேன் என்றார். யார் நம்புவார்கள்? சவரிராயன் அதற்குப் பிறகு அந்தக் கடைப் பக்கமே போகவில்லை.

"கிதாரா?" என்று தாயுமானவன் வழுக்கைத் தலையைத் தடவினார். "எனக்குப் பாட்டுன்னா காத தூரம், சவரி. அளவு இருந்தா குடு. அளவுப்படி எதை வேணாலும் செஞ்சு தரேன்."

சவரிராயன் ஒரு புத்தகத்திலிருந்து எழுதி வைத்திருந்த தாளை நீட்டினார். கிதாருக்குத் தந்தியின் நீளம் இருபத்தைந்தரை இன்ச், பேஸுக்கு முப்பத்து நாலு. கழுத்தில் பதிக்கும் ஒவ்வொரு மெட்டுக்கம்பியும் தலைப்பக்கத்திலிருந்து எத்தனை இன்ச்சில் இருக்க வேண்டும் என்று வரிசையாக இருந்தது.

"இன்ச்சா? நம்ம ஷாப்புல எல்லாம் மில்லிமீட்டராச்சே. இரு." தாயுமானவன் டிரங்குப் பெட்டியைத் திறந்து துணியில் சுற்றிய ஓர் இரும்பு ஸ்கேலை எடுத்தார். "கோயம்புத்தூர்ல ஃபவுண்டரில வேலை பழகுனப்ப வாங்கினது. வீட்டு வேலைக்கெல்லாம் இதுதான். இன்ச் கணக்குக்கு இன்ச் ஸ்கேலு."

தேக்கில் உடம்பு, கழுத்தின் மேல்பலகைக்கு ஈட்டிமரம். கம்பெனி மரத்தில் ஒரு சிராய்கூட வேண்டாம் என்று அவரே மரக்கடைக்குப் போய்த் தட்டிப் பார்த்து வாங்கினார். ஷிஃப்டு முடிந்து வந்து வீட்டுப் பின்கட்டில் வேலை. சவரிராயன் தினமும் சாயங்காலம் போய் நின்றார். இந்தப் பக்கம் நின்று பார்ப்பார், அந்தப் பக்கம் நின்று பார்ப்பார், தாயுமானவன் இழைப்புளியைக் கீழே வைத்த இடத்திலிருந்து எடுத்து வேறிடத்தில் வைப்பார்.

"ஏம்பா, பொண்ணு பார்த்துட்டுப் போன மாப்பிள்ளை கல்யாணத்துக்கு முன்னாடியே டெய்லி வந்து நிக்கிற மாதிரி நிக்கிற? போயிட்டு மாசக் கடைசில வா," என்று தாயுமானவன் விரட்டினார். மறுநாளும் போனார்.

மரவேலை முடிய ஏப்ரல் ஆயிற்று. அடுத்தது ஸ்ரீரங்கம். தெற்குச் சித்திரை வீதியில் ஸ்ரீரங்கராஜன் என்பவர் வீட்டின் முன்னறையில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். கிதார் தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பைத் தன் கையாலேயே சுற்றித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டவர். காந்தத் துண்டைச் சுற்றி, முடியைவிட மெல்லிய செப்புக்கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்ற வேண்டும், எண்ணிக்கொண்டே சுற்ற வேண்டும். சவரிராயன் எதிரில் நின்றுகொண்டு தரையில் காலால் தாளம் போட்டார்.

"நாலாயிரத்து எழுநூத்து... போச்சு! பெருமாளே!" ஸ்ரீரங்கராஜன் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மிஸ்டர் சவரிராயன், ராஜகோபுரம் வரைக்கும் ஒரு நடை போயிட்டு வாங்கோ. ரெண்டு நடை போனாலும் தேவலை."

தந்தியின் கீழ்முனையைத் தாங்கும் பிரிட்ஜைப் பதித்ததும் ஸ்ரீரங்கராஜன்தான். தாளைப் பார்த்தார், தன் டேப்பால் தலைப்பக்கத்திலிருந்து சரியாக இருபத்தைந்தரை இன்ச் அளந்தார், பென்சிலால் கோடிட்டு ஸ்க்ரூவை முடுக்கினார். பேஸுக்கு முப்பத்து நாலு. பிறகு ஒவ்வொரு தந்தியையும் விரலால் அழுத்தாமல் சும்மா மீட்டி ஸ்பீக்கரில் கேட்டார்.

"ஹம் இல்லை, கரகரப்பு இல்லை. நான் பாத்துக்கறது அவ்வளவுதான். ஸ்ருதி கிருதி எல்லாம் ஆத்துக்காரி டிபார்ட்மென்ட். அவ கல்யாணத்துக்குக் கும்மோணம் போயிருக்கா."

மே மாதம் முதல் ஞாயிறு. பிள்ளைகள் லீவுக்கு லால்குடி மாமா வீட்டுக்குப் போயிருந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சவரிராயன் ஜன்னலையெல்லாம் சாத்தினார், ஃபேனை நிறுத்தினார், மைத்துனரிடம் வாங்கி வந்த டேப்ரிக்கார்டரைத் தன்னுடையதற்குப் பக்கத்தில் வைத்தார். ஒன்றில் கிதாரைப் பதிந்து, அதை ஓடவிட்டுக்கொண்டே பேஸை வாசித்து, இரண்டையும் சேர்த்து மற்றதில் பதிவது அவர் திட்டம். அறை வெந்தது. பனியனோடு உட்கார்ந்து முதல் பாட்டைத் தொடங்கினார்.

கீழ் மெட்டுக்கம்பிகளில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. ராகம் மேலே ஏறத் தொடங்கியதும் ஏதோ கசந்தது. இன்னும் ஏறினார், இன்னும் கசந்தது. பால் திரிவது போல ஸ்வரம் கண்ணெதிரிலேயே திரிந்தது. நிறுத்தி, தந்திகளை மறுபடி சுருதி சேர்த்தார். திரும்ப வாசித்தார். அதே இடம், அதே கசப்பு. பேஸை எடுத்தார். அதிலும் கீழே சரி, மேலே போகப் போகக் கெட்டது. ஒரு வாத்தியம் கெட்டிருக்கலாம். இரண்டு வாத்தியமும் ஒரே மாதிரி கெடுமா? அதுவும் மயிரிழை பிசகாத தாயுமானவன் கையில்? சன்னமான சத்தம்தான் முதலில் போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தாரே.

பாக்கியமேரி அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஒன்பது வயசிலிருந்து கோயிலில் பாடுகிறவள். பாடகர் குழுவில் யார் இம்மி விலகினாலும் திரும்பிப் பார்க்கிறவள். சவரிராயன் தொண்டையைச் செருமிக்கொண்டு, சாதாரணமாகக் கேட்பது போல் கேட்டார்.

"எப்படி இருக்கு?"

அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள். மறுபடி துடைத்தாள்.

"நல்லாத்தான் இருக்குங்க," என்றாள்.

அவள் காதுக்கு நன்றாக இருக்கிறது. அப்படியானால் கெட்டது வாத்தியமில்லை.

அதற்குப் பிறகு மூன்று வாரம் அந்த மனிதர் பட்ட பாடு நாய் படாது. கைக்கடிகாரத்தை ஒரு காதில் வைப்பார், மறு காதில் வைப்பார். விரலைக் காதோரம் தேய்த்துப் பார்ப்பார். பூண்டு காய்ச்சிய எண்ணெயை விட்டுக்கொண்டு தலையைச் சாய்த்தபடி நடப்பார். ரயில்வே கேட்டில் போய் நின்று, எஞ்சின் ஊதுவது நேற்றைவிட மந்தமாகக் கேட்கிறதா என்று யோசிப்பார். கோயில் ஆர்மோனியத்தில் ஒரு கட்டையை அமுக்கிப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். ஆனால் அதன் அருகில் போகக் கால் வரவில்லை. தெரிந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஷிஃப்டு இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு, பொய்யை மெய்யாக்க ஓவர்டைம் கேட்டு வாங்கிப் போனார்.

வீட்டில் கிதாரை எடுத்த போதெல்லாம் பாக்கியமேரி கேட்காமலே சொன்னாள், "நல்லா இருக்குங்க." தாயுமானவன் ஒருநாள் வந்து கேட்டுவிட்டு, "பிரமாதம்! பாலிஷ் எப்படிப் பளபளங்குது பாரு," என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார். இன்னொரு சங்கதியும் அவர் கவனத்துக்கு வந்தது. பாக்கியமேரி இப்போதெல்லாம் அவரிடம் உரக்கப் பேசினாள்.

"சோறு போடவா?" என்று பக்கத்தில் நின்றுகொண்டே அவள் கூவினாள்.

"ஏன் கத்துற?"

"நான் எங்க கத்துறேன்?" என்றாள், அதையும் கத்தித்தான் சொன்னாள். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

தன் காதுக்கு ஏற்றபடி இவளே குரலை உயர்த்த ஆரம்பித்துவிட்டாள் என்று அவர் நினைத்தார். அன்றைக்கு இரண்டு கிதாரையும் சுவரோரம் சாத்தி வைத்தவர் அப்புறம் தொடவில்லை. சோறு இறங்கவில்லை. ஏழு பாட்டும் உள்ளே கிடந்து அவரைப் பிறாண்டின. கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை இரண்டையும் பழைய போர்வையில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். ஏதாவது மெல்லிசைக் குழுவுக்குத் தள்ளிவிடச் சொல்லி ஸ்ரீரங்கராஜனிடம் கொடுத்துவிடுவது என்று முடிவு. கண் முன்னால் இருந்தால்தானே இந்த அரிப்பு.

சத்திரம் பஸ் நிலையத்தில் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறினார். கண்டக்டர் போர்வை மூட்டையை மேலும் கீழும் பார்த்தார். "என்ன சார், துடுப்பா? காவேரில கால் நனைக்கத் தண்ணி இல்ல, நீங்க ரெண்டு துடுப்போட வர்றீங்க!" பஸ்ஸே சிரித்தது. சவரிராயன் உட்கார இடமிருந்தும் உட்காராமல் ஸ்ரீரங்கம் வரை கம்பியைப் பிடித்துக்கொண்டே போனார். பாலத்தின் கீழே வெறும் மணல்.

ஸ்ரீரங்கராஜனுக்கு ஒன்றும் புரியவில்லை. "விக்கறதா? பிக்கப்புல ஏதாவது கோளாறா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சார். எனக்கு நேரம் இல்ல."

"நான் இன்னும் இதுல ஒரு பாட்டு கேக்கலையே. கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை வாசிச்சுக் காட்டுங்கோ. நாளைக்கு வாங்க வர்றவன்கிட்ட நான் எதைச் சொல்றது?" என்று அவர் ஒயரைச் செருகிவிட்டார்.

மறுக்கத் தெம்பில்லாமல் சவரிராயன் ஸ்டூலில் உட்கார்ந்தார். கடைசித் தடவைதானே என்று தன் முதல் பாட்டையே எடுத்தார். கீழே நிரவி, மெல்ல மேலே ஏறினார். ஸ்வரம் திரியத் தொடங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினார்.

உள்ளே சமையலறையிலிருந்து ஒரு பெண்குரல் சீறியது.

"ஏன்னா! யாரது அங்கே? மேல போகப் போக ஸ்ருதி ஏறிண்டே போறதே, காது கூசறது! நிறுத்தச் சொல்லுங்கோ!"

ஸ்ரீரங்கராஜன் பதறிப் போனார். "கோதை! வாடிக்கைக்காரர்டி!" என்று உள்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "சார், தப்பா எடுத்துக்காதீங்கோ. அவ பொண்களுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கறவ, வாய் கொஞ்சம்..."

சவரிராயன் கிதாரோடு எழுந்து நின்றார். ஒயர் இழுபட்டு ஸ்பீக்கர் உறுமியது.

"அம்மா! இப்ப சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்க!"

கோதை திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வந்தாள். கையில் பாதி அரிந்த வாழைக்காய். வெளியாள் நிற்பதைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது. "ஐயையோ, ரேடியோவாக்கும்னு..."

"பரவாயில்லம்மா. நான் ஒண்ணொண்ணா மேல போறேன். எந்த இடத்துல கெடுதுன்னு கையை மட்டும் தூக்குங்க."

அவர் வாசித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. கோதை அசையவில்லை. நாலாவதில் அவள் புருவம் நெரிந்தது. ஐந்தாவது மெட்டில், அவர் உடம்பு கூசிய அதே இடத்தில், வாழைக்காய் பிடித்த கை மேலே போனது. அதற்கு மேல் அவள் கையை இறக்கவே இல்லை. "பன்னெண்டாவது மெட்டு மேல் ஸட்ஜம் பேசணுமோல்லியோ? அது எங்கேயோ போய் நிக்கறதே!"

சவரிராயன் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு நிற்கவில்லை, நடுவில் கண்ணீராக ஓடியது. பரிசோதனைச் சீட்டு, எண்ணெய், ரயில் கேட் எல்லாவற்றையும் முன்பின்னாகக் கொட்டினார். என் காது போகலம்மா, என் காது போகல என்று மூன்று தடவை சொன்னார். ஒருத்தரைப் பார்த்து அபஸ்வரம் என்று வைததற்கு இப்படி ஒரு சந்தோஷமா என்று கோதை திகைத்துப் போய்க் கணவனைப் பார்த்தாள்.

ஸ்ரீரங்கராஜன் டேப்பை எடுத்தார். பன்னிரண்டாவது மெட்டு தந்தியின் சரிபாதியில் இருந்தாக வேண்டும். தலைப்பக்கத்திலிருந்து அந்த மெட்டு வரை பதிமூன்று இன்ச். அங்கிருந்து பிரிட்ஜ் வரை பன்னிரண்டரை.

"பாதி பாதியா இல்லையே! நான் இருபத்தஞ்சரைல கரெக்டா வச்சேன் சார், மரவேலைதான்..."

"தாயுமானவன் அண்ணன் தப்பு பண்ண மாட்டாரு," என்றார் சவரிராயன். சொல்லும்போதே குழப்பமாக இருந்தது. "சார், இந்த டேப்பைக் குடுங்க. சாயங்காலம் கொண்டாந்து தரேன்."

இரண்டு கிதாரோடும் கைலாசபுரம் திரும்பியதும் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே தாயுமானவன் வீட்டுக்குப் போனார். விஷயத்தைக் கேட்டதும் தாயுமானவன் முகம் கறுத்தது. இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அளவை யாரும் தப்பு என்று சொன்னதில்லை. டிரங்கைத் திறந்து, ஸ்கேலை எடுத்து, கழுத்தின் மேல் வைத்தார்.

"பார்த்துக்க. பன்னெண்டே முக்கால். தாள்ல என்ன போட்டிருக்கு? பன்னெண்டே முக்கால்."

"இந்த டேப்புல பதிமூணு காட்டுதுண்ணே."

டேப்பையும் ஸ்கேலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். ஒரு இன்ச்சில் வித்தியாசம் தெரியவில்லை. ஆறு இன்ச்சில் லேசாகத் தெரிந்தது. ஒரு அடி முடிகிற இடத்தில் ஸ்கேலின் கோடு டேப்பைத் தாண்டிக் கால் இன்ச் தள்ளி நின்றது.

தாயுமானவன் அந்தக் கால் இன்ச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லத் தரையில் உட்கார்ந்தார்.

"இது சுருக்க ஸ்கேலுடா," என்றார். "உருக்கு சூட்டுல ஊத்தும்போது ஒரு அளவு, ஆறினா சுருங்கிடும். அதனால பேட்டர்னைக் கொஞ்சம் பெருசா செய்யணும். ஒவ்வொண்ணுக்கும் கணக்கு போட முடியுமா? ஸ்கேலையே நீட்டமா அடிச்சிருப்பாங்க. அடிக்குக் கால் இன்ச். பழகின கை... எனக்கு இன்ச்சுன்னா இதான் இன்ச்சுன்னு ஆயிப்போச்சு. மரம் சுருங்காதுங்கிறது மண்டைல ஏறல." நெற்றியில் அறைந்துகொண்டார். "கிதாரு வார்ப்படமா? யாராச்சும் கேட்டா சிரிப்பாங்களே!"

அவர் கண் வீட்டைச் சுற்றி ஓடியது. அவர் செய்த அலமாரி, அவர் செய்த கதவு, என்றைக்குமே நிலையோடு சரியாகச் சேராத ஜன்னல். அப்படியே சவரிராயன் முகத்தில் வந்து நின்றது.

"உன் கட்டில்..."

"பாய்!" என்று சவரிராயன் அலறினார். "ஷேக் தாவூது பாய் சரியாத்தான் தச்சிருக்காரு! பாவம், அந்த மனுஷனை என்ன பேச்சு பேசினேன்!"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சவரிராயன் சிரிக்க, தாயுமானவனும் அழாத குறையாகச் சிரித்தார். புதுசாக இரண்டு கழுத்து செய்து தருகிறேன் என்று அவர் மன்றாடினார். சவரிராயன் கேட்கவில்லை. மெட்டுகளெல்லாம் ஒன்றுக்கொன்று சரியான கணக்கில்தான் இருந்தன, பிரிட்ஜ்தான் வேறு இன்ச்சில் இருந்தது. கிதாரின் பிரிட்ஜை அரை இன்ச் பின்னால் தள்ளினார்கள், பேஸுக்கு முக்கால் இன்ச்சுக்குச் சற்றுக் குறைய. பழைய ஸ்க்ரூ ஓட்டைகளை மெழுகால் அடைக்கப் போன தாயுமானவனை சவரிராயன் தடுத்தார்.

"இருக்கட்டும்ணே. என் காது சரின்னு சொன்ன ஓட்டை அது."

டேப்பை ஸ்ரீரங்கத்தில் திருப்பிக் கொடுக்கும் நினைப்பே அவருக்கு அன்று வரவில்லை. வீட்டுக்கு ஏறக்குறைய ஓடினார். பாக்கியமேரி வாசலிலேயே நின்றாள். கிதார்களைக் காணோம் என்றதும் பயந்துபோயிருந்தாள் போலும். அவர் மூச்சு வாங்கச் சொல்லி முடிக்கிறவரை கேட்டுக்கொண்டிருந்தவள், முடிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து விசித்து விசித்து அழுதாள்.

"எனக்கும் கேட்டுச்சுங்க," என்றாள். "மொத நாளே பல்லு கூசுச்சு."

"என்னது?"

"ஜனவரிலயே யூனிஃபார்ம் தொவைக்கும்போது பாக்கெட்ல அந்தச் சீட்டைப் பார்த்தேன். நீங்க சொல்லல, நானும் கேக்கல. அப்புறம் நீங்க அப்படி அபஸ்வரமா வாசிச்சுட்டு எப்படி இருக்குன்னு கேட்டீங்க. உங்களுக்குத்தான் கேக்கல போலிருக்குன்னு நெனச்சேன். கெட்டுப் போயிருச்சுன்னு எந்த வாயால சொல்றது? அதான் நல்லா இருக்குன்னேன்."

சவரிராயனுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. "மூணு வாரம்! உன் ஒரு வார்த்தையை நம்பி என் காதையே நான் புதைச்சிட்டேன்டி! நல்லா இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"நீங்க மட்டும் என்ன?" அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். இப்போது அவள் கத்தவில்லை, பழைய குரலிலேயே கேட்டாள். "அந்தச் சீட்டை என்கிட்ட காட்டினீங்களா?"

அவர் அறையில் இரண்டு நடை நடந்தார். பிறகு பாக்கெட்டிலிருந்து சீட்டை எடுத்து, விரித்து, அவள் மடியில் வைத்தார். வேர்வையில் நைந்து மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. கோடு அப்படியேதான் சரிந்து இறங்கியது. அது பொய்யில்லை. திங்கட்கிழமை ஷாப் மாற்றலுக்கு எழுதிக் கொடுப்பதாகச் சொன்னார். சம்பளம் குறையுமே என்று அவள் கேட்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் ஜன்னலைச் சாத்தினார்கள், ஃபேனை நிறுத்தினார்கள். சவரிராயன் ரெக்கார்டு பட்டனை அமுக்கிவிட்டுக் கிதாரை எடுத்தார். மேலே ஏறினார். ஸ்வரம் ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. பாக்கியமேரி பாடத் தொடங்கினாள். இரண்டு வரி பாடினாள். மூன்றாவது வரியின் நடுவில் சட்டென்று கையைத் தூக்கினாள்.

"நிறுத்துங்க. இந்த இடத்துல முந்துறீங்க, தாளம் ஓடுது. நல்லா இல்ல."

சவரிராயன் நிறுத்தினார். டேப் ஓடிக்கொண்டே இருந்தது. மூன்று வாரமாக ஊரே சொன்ன நல்லா இருக்கு அத்தனையும் சேர்ந்து தராத நிம்மதியை அந்த நல்லா இல்ல தந்தது. அவர் டேப்பைப் பின்னோக்கிச் சுற்றி, அவள் சொன்னது சரியாகப் பதிந்திருக்கிறதா என்று ஒருமுறை போட்டுக் கேட்டார்.

"என்னங்க பண்றீங்க? அழிச்சிட்டு அது மேலயே எடுங்க," என்றாள் பாக்கியமேரி.

அவர் கேசட்டை வெளியே எடுத்தார். யாரும் தப்பித்தவறி மேலே பதிந்துவிடாதபடி அதன் முதுகிலிருந்த இரண்டு சின்னப் பிளாஸ்டிக் துண்டுகளையும் ஸ்க்ரூடிரைவரால் நெம்பி உடைத்தார். பெட்டியில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டு, புதுக் கேசட் ஒன்றைப் பிரித்தார்.